கேன் தண்ணீரும் வலது கண்ணும்

நவம்பர் 9, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. செம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாம். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். போர் தண்ணீர் டீக் கலரில் வருகிறது, வாளியில் பிடித்து வைத்தால் அடியில் மண்.

திவ்யா கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள். சேலையூர், மேடவாக்கம் சொந்தங்களுக்குப் பத்திரிகை பாக்கி. திவ்யாவின் ஜாக்கெட் (தையல்காரர் போனையே எடுப்பதில்லை). சமையல்காரரிடம் மெனு. அவியல் வேண்டாம் என்கிறார் சங்கர், வேண்டும் என்கிறேன் நான். அவியல் உண்டு. கேன் தண்ணீர் இரண்டு சொல்ல வேண்டும். லென்ஸ் சொல்யூஷன் தீரப்போகிறது, அவசரமில்லை.

திவ்யாவுக்கு அம்மா ஸ்தானத்தில் நான் என்று பத்திரிகை கொடுக்கிற வீட்டிலெல்லாம் சொல்கிறார்கள். மாமாவும் அத்தையும் போன பிறகு ஏழு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள். சங்கருக்கு ஒரே தங்கை. அம்மா பேச்சையாவது கேட்டிருப்பாளோ என்னவோ, அண்ணி பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. எதிர்த்துப் பேச மாட்டாள். "சரி அண்ணி" என்பாள். மெரூன் ஜாக்கெட் எடு என்றேன். "சரி அண்ணி." பச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். காட்டாங்குளத்தூர் ஆபீஸ் வரை டிரெயினில் நசுங்காதே, பஸ்ஸில் போ என்றேன். "சரி அண்ணி." இன்றுவரை டிரெயின்தான். வேலையை விட்டாலும் விடுவாள், அந்த 8.10-ஐ விட மாட்டாள்.

லென்ஸ் விஷயத்தில் மட்டும் கேட்டாள். கண்ணாடியோடேயே மணையில் உட்காருகிறேன் என்றவளை நான்தான் விடவில்லை. ஃபிளாஷ் அடித்தால் ஆல்பத்தில் கண்ணே தெரியாது, என் கல்யாண ஆல்பமே சாட்சி. மூன்று வாரம் முன்னால் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். போட, கழற்ற, கழுவ எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டு சொல்யூஷன். விரலால் தேய்க்க வேண்டும். கடைசியில் டம்ளரில் கேன் தண்ணீர் பிடித்து அலசல். சொல்யூஷனிலேயே அலசு என்று டப்பாவில் போட்டிருக்கும், அது அவர்கள் வியாபாரத்துக்கு. குழாய்த் தண்ணீர் ஆகாது என்பது எனக்கும் தெரியும், பதினொரு வருஷமாக கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். கேன் தண்ணீர் ஆர்.ஓ., யூ.வி. எல்லாம் தாண்டி வருவது. இதற்கு மேல் என்ன சுத்தம்? எட்டு வருஷமாக இப்படித்தான். ஒரு நாள் கண் சிவந்ததில்லை.

சாயங்காலம் வாஷ்பேசினில் இருவரும். நான் முதலில் கழற்றினேன், பிறகு அவள். நான் சொல்லச் சொல்ல டம்ளரில் அலசி, டப்பாவை மூடினாள். மூடியதும் நேரே தன் அறை. கதவுத் தாழ். பத்து நிமிஷம். தினமும் இதேதான். மாப்பிள்ளையிடம் பேசுவதென்றால் ஹாலில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள். இது வேறு ஏதோ.

வலது கண்ணில் மண் விழுந்த மாதிரி. மழைக்காற்று.


நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. வெயில் கண்ணைக் குத்துகிறது.

பள்ளியில் ப்ளஸ் டூ பிராக்டிகல். பியூரெட்டில் கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. கசக்கிவிட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். முதல் பெஞ்சுப் பெண்: "மிஸ், அழுதீங்களா?"

"உங்க ரெக்கார்ட் நோட்டைத் திருத்தினேன்டி, அழுகை வராம என்ன பண்ணும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இடது கண்ணால்.

கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மைனஸ் ஏழு, சோடா பாட்டில் அடி. குரோம்பேட்டைக்கு மாறி வந்த இந்த ஐந்து வருஷத்தில் ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னைக் கண்ணாடியோடு பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். வீம்பு என்றால் வீம்பு.

சாயங்காலம் கழற்றி, அலசி, ஒரு மணி நேரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு சேலையூர். பத்திரிகை நாலு வீடு. மூன்று வீட்டில் காபி, ஒரு வீட்டில் பாதாம் பால்.

சங்கர்: "ராஜி, கண்ணு செவப்பா இருக்கு."

"தூக்கமில்ல."

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு…"

"கல்யாண வேலைய யார் பாக்கறது?"

விட்டுவிட்டார். பதினாலு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

திவ்யா கதவு இன்று பன்னிரண்டு நிமிஷம். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கேட்டால் "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். கேட்கவில்லை.


நவம்பர் 12, புதன்

காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தால் ட்யூப்லைட்டே ஊசி. கருவிழியில் கீழ்ப்பக்கம், ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகை விடச் சின்னது. கண்ணாடிமுன் நின்று இடது கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தேன். அப்போதுதான் பயம் வந்தது. சங்கரை எழுப்பினேன்.

தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேள்விகள்.

லென்ஸ் மாதம் ஒரு முறை மாற்றுவதுதானே? – ஆமாம். (இரண்டு மாதம்.)

சொல்யூஷன் தினமும் புதுசா? – பழசிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்வேன்.

டப்பா எத்தனை நாளாச்சு? – ஞாபகமில்லை.

கண் சிவந்த பிறகும் போட்டீங்களா? – இரண்டு நாள்.

தண்ணி பட்டுச்சா?

"ஐயோ, இல்ல டாக்டர். குழாத் தண்ணி கிட்டயே கொண்டுபோக மாட்டேன். கேன் தண்ணிதான்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேன் தண்ணியும் தண்ணிதாம்மா."

"ஆர்.ஓ. …"

"குடிக்கிறதுக்குச் சுத்தம் வேற, கண்ணுக்குச் சுத்தம் வேற. வயித்துல ஆசிட் இருக்கு, எது போனாலும் பாத்துக்கும். கண்ணுல என்ன இருக்கு? நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். கெமிஸ்ட்ரி என்ற வார்த்தையை இவ்வளவு மெதுவாக நான் சொன்னதே இல்லை.

மரத்துப்போகிற சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள், என்ன கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு. லென்ஸையும் டப்பாவையும் சங்கர் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார், அதையும் அனுப்பினார்கள். பாக்டீரியாவாக இருந்தால் மருந்துக்குக் கேட்குமாம். தண்ணீரில் அமீபா மாதிரி ஒன்று இருக்குமாம், அதுவாக இருந்தால் மாதக்கணக்கில் வைத்தியம், பார்வைக்கும் உத்தரவாதம் இல்லையாம். சனிக்கிழமைதான் தெரியும். அதுவரை மணிக்கொரு சொட்டு.

கிளம்பும்போது கேட்டார்: "வீட்ல வேற யாராவது லென்ஸ் போடறாங்களா?"

"நாத்தனார்."

"அவங்களும் கேன் தண்ணியா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சங்கர் பக்கத்தில் நின்றிருந்தார், அதனால்தான். அவர் தங்கைக்கு, கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, நான் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அவர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

வந்ததும் திவ்யாவுக்குப் போன். ஆபீஸ் நேரம், எடுக்கவில்லை. நாலு முறை. ஐந்தாவதில் எடுத்தாள்.

"உடனே லென்ஸக் கழட்டிடு. கண்ணாடி போட்டுக்கோ. நான் சொல்ற வரைக்கும் லென்ஸ் வேணாம்."

"ஏன் அண்ணி?"

"டாக்டர் சொன்னாங்க."

"சரி அண்ணி."

அந்த இரண்டு வார்த்தை இவ்வளவு பயமாக ஒரு நாளும் இருந்ததில்லை. எந்தச் சரி இது? கழற்றுகிற சரியா, பச்சை ஜாக்கெட் சரியா?


நவம்பர் 13, வியாழன்

வானம் மூட்டம். நல்லது, வெளிச்சம் இல்லை.

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், சோடா பாட்டில் போட்டுக்கொண்டு. வரி மலையேறுகிறது. அதனால் இனி சுருக்கம். தி. = திவ்யா. ச. = சங்கர். சொ. = சொட்டு.

சொ. 7, 8, 9, 10. ச. லீவு போட்டுவிட்டார். போனில் மணிக்கு மணி அலாரம், அதுவும் கோயில் மணிச் சத்தம். சொ. விட்டதும் ஊதுகிறார், கண்ணில் ஊதக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கு மெடிக்கல் லீவ்.

காலையில் தி.யை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். "பொட்டு சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு. வெள்ளையாகத்தான் இருந்தது. என் ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்தவரை. அவள் கண்ணாடியோடு ஆபீஸ் போனாள். நிம்மதி ஒரு நிமிஷம்தான். எனக்கும் எட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, ஆகும் வரை. அவள் மூன்று வாரம் அலசியிருக்கிறாள், என் பக்கத்தில் நின்று, என் டம்ளரில்.

என் கண் போனால் போகட்டும் என்று எழுதப் பார்த்தேன். பொய். போகக்கூடாது. ஆனால் என் கண்ணை நான் கெடுத்துக்கொண்டேன், அது என் முட்டாள்தனம். அவள் கண்ணாடியோடு சந்தோஷமாக இருந்தவள். ஆல்பம் நன்றாக வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கக்கூட இல்லை.

அவளிடம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். ச.விடமும் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன்.

சாயங்காலம்: சொல்லவில்லை. வந்ததும் வராததுமாக எனக்கு ரசம் வைத்தாள், மிளகு தூக்கலாக. என் சாதத்தைப் பிசைந்துகூட வைத்தாள். எனக்குக் கண்தான் தெரியவில்லை, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். "சரி அண்ணி" என்று ஸ்பூன் எடுத்து வைத்தாள்.


நவம்பர் 14, வெள்ளி

எழுத நிறைய இருக்கிறது. சொ. போட்டு ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது, எழுதலாம்.

கல்யாணப் பெண், வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் குளியல். நான்தான் வழக்கமாகத் தேய்த்துவிடுவேன். இன்று அவளே தேய்த்துக்கொண்டாள். எனக்கோ முகத்தில் தண்ணீர் படக்கூடாது.

ச. சொ. மருந்தோடு என் தலைமாட்டில். பாத்ரூம் கதவு திறந்தது. தலையில் துண்டு சுற்றிக்கொண்டு தி. வந்தாள். இரண்டு கண்ணும் சிவப்பு. செக்கச் சிவப்பு. தண்ணீர் கொட்டுகிறது, திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேன் தண்ணீர். அமீபா. டாக்டர் கேட்டதற்குப் பொய் சொன்னது. "உன் கண்ணைக் கெடுத்துட்டேன்டி, ஃபோட்டோவுக்கு ஆசப்பட்டு உன் கண்ணைக் கெடுத்துட்டேன்" என்று கத்தினேன். ச. மருந்து பாட்டிலைத் திறந்தபடியே நின்றார்.

"அண்ணி, சீயக்கா."

"இப்பவே கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"அண்ணி! சீயக்கா உள்ள போயிடுச்சு. எரியுது. அவ்ளோதான்."

நான் நம்பவில்லை. அவள் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. பீரோ திறக்கும் சத்தம். கூரைப்புடவைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். சொல்யூஷன் பாட்டில், பாதி தீர்ந்தது. புது டப்பா. மடித்து வைத்த விளக்கத் தாள், அதில் பேனாவால் கோடு: தண்ணீர் கூடாது என்கிற வரியில் இரண்டு கோடு.

"நீங்க சொல்லிக்குடுத்த அன்னிக்கே படிச்சுட்டேன் அண்ணி. மறுநாளே தாம்பரத்துல எறங்கி வாங்கிட்டேன்."

"என் முன்னாடி அலசினியே? டம்ளர்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "விரல மட்டும்தான் நனைச்சேன். லென்ஸ் என் கண்ணுலயேதான் இருந்துச்சு. காலி டப்பாவத்தான் மூடுவேன். அப்புறம் ரூமுக்குப் போய், கை கழுவித் தொடச்சுட்டு, கழட்டுவேன்."

"எனக்குத் தெரியலயே!"

"லென்ஸ் கழட்டினப்புறம் உங்களுக்கு என் மூக்கே தெரியாது அண்ணி."

மூன்று வாரமாக, தினமும் சாயங்காலம், இவள் என் பக்கத்தில் நின்று வெறும் விரலை அலசியிருக்கிறாள். நான் "நல்லா அலசு, அவசரப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் நான் என்னென்னவோ கற்பனை செய்தது இதற்குத்தான்.

சிரித்தேன். அழுதேன். எது முதலில் என்று தெரியவில்லை. ஏழு வருஷத்தில் அவள் என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அவளும் அழ ஆரம்பித்தாள், சீயக்காய்க் கண்ணோடு. "நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா உங்களுக்கு இப்டி ஆயிருக்காது. நீங்க டீச்சர். உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னு… எட்டு வருஷமா பண்றாங்களே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் அண்ணி."

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?"

யாரும் அவரைக் கேட்கவில்லை. ச. ஓரத்திலிருந்து, "மாட்ட" என்றார்.

அவளிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்: இனிமேல் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். யார் இருந்தாலும் சொல்லணும். எனக்குக் கோபம் வந்தாலும் சொல்லணும்.

"சரி அண்ணி" என்றாள்.

கோயில் மணி அடிக்கிறது. சொ.


நவம்பர் 15, சனி

வெயில். கறுப்புக் கண்ணாடி மாட்டி ஆட்டோவில், மூன்று பேரும்.

ரிசல்ட்: அமீபா இல்லை. பாக்டீரியா. டப்பாவிலும் அதே. கொடுக்கிற மருந்துக்குக் கேட்கிறது, புண் விளிம்பு அடங்க ஆரம்பித்திருக்கிறது.

"ஓரத்துல வந்துச்சு, நல்ல காலம். நடுவுல வந்திருந்தா இன்னிக்கு வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்றார் டாக்டர்.

நான் புதன்கிழமை சொன்ன பொய்யைச் சொன்னேன். நாத்தனாருக்கும் கேன் தண்ணீர்தான் சொல்லிக்கொடுத்தேன், அவள்தான் கேட்கவில்லை என்று. டாக்டர் தி.யை மெஷினில் உட்கார வைத்து இரண்டு கண்ணும் பார்த்தார். சுத்தம். ஒரு கீறல் கிடையாது. "இவங்க பண்றதுதான் சரி. நீங்க இவங்ககிட்ட கத்துக்கங்க" என்றார். தி. நெளிந்தாள். நான் நெளியவில்லை, தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் பசித்தது. மூன்று நாளாக எதை இறுக்கிப் பிடித்திருந்தேனோ அது விட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பஜ்ஜிக் கடை. நாலு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். ஆட்டோவில் அழுதேன். "அழாத ராஜி, மருந்து கரைஞ்சுடும்" என்று ச. கவலைப்பட்டார்.

தையல்காரர் போனை எடுத்துவிட்டார்! பச்சை ஜாக்கெட் ரெடி. நன்றாகத்தான் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.


நவம்பர் 16, ஞாயிறு

சொ. இரண்டு மணிக்கு ஒரு முறை.

கேன் போடும் ஏழுமலை வந்தார். தோளிலிருந்து இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யக்கா, இன்னாக்கா கண்ணு இப்டி கீது?"

"உங்க தண்ணிதான் ஏழுமலை. லென்ஸக் கழுவினேன்."

"என் தண்ணியா! குடிக்கத்தானக்கா குடுக்கறோம். நீ கண்ணுல ஊத்திகினா நான் இன்னா பண்றது?"

"சுத்தம்னு நெனச்சேன்."

"நானே எங்க வூட்ல காச்சித்தான் குடிக்கறேன்க்கா" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "கம்பெனில சொல்லிராத."

அவர் போனதும், கேனைக் கவிழ்த்து வைக்கிற டிஸ்பென்சரைக் கழற்றச் சொன்னேன். ச. குழாயைத் திருகி எடுத்து உள்ளே விரல் விட்டார். வழவழவென்று பச்சையாக வந்தது. வாங்கி ஐந்து வருஷம், யாரும் கழற்றியதில்லை. ஐந்து வருஷமாக இதைக் கண்ணில் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குப் பிப்பெட்டை மூன்று முறை அலசு, இல்லையென்றால் ரீடிங் தப்பு என்று மார்க் குறைத்திருக்கிறேன்.

தூக்கிப் போட்டது: டிஸ்பென்சர் குழாய், பழைய சொல்யூஷன், மிச்சமிருந்த லென்ஸ், அந்த டம்ளர். டம்ளர் பாவம், அது என்ன செய்தது என்றார் ச. இருந்தாலும் போட்டேன்.


நவம்பர் 20, வியாழன்

தூறல். பள்ளிக்குப் போனேன், சோடா பாட்டிலோடு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் மிஸ் மட்டும், "நல்லா இருக்கே, ஹெச்.எம். மாதிரி" என்றார். ஐந்து வருஷமாக இதற்கா பயந்தேன்?

ப்ளஸ் டூ பெண்களிடம் முழுக் கதையும் சொன்னேன். மறைக்கவில்லை. சுத்தமான தண்ணீர் என்றால் எதற்குச் சுத்தம் என்று கேளுங்கள் என்றேன். நாலு பேர் லென்ஸ் போடுகிறார்களாம். ஒருத்தி எச்சில் தொட்டுப் போடுவாளாம். என்னைவிடப் பெரிய ஆள் இருக்கிறாள் என்று ஒரு ஆறுதல். அவள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

ஹேண்ட்பேகைத் திறந்தால் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்று, புதுசு. நான் முந்தானையில் துடைப்பதைத் தி. நேற்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியை மட்டும் வைத்திருக்கிறாள். மூஞ்சிக்கு நேரா சொல்லுன்னு கையில் அடித்து வாங்கினேனே, அதுவும் பச்சை ஜாக்கெட்தான்.

மாப்பிள்ளை வீட்டில் அவள் எப்படிப் பிழைக்கப் போகிறாள்? ஒருவேளை இப்படியேதான் பிழைப்பாளோ. நன்றாகவே பிழைப்பாள் போல. ஆனால் தனியறையில் தாழ் போட்டுக்கொண்டு எத்தனை நாள்?

அவள் போனால் எனக்குத்தான் வீடு வெறிச்சென்று இருக்கும். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.


நவம்பர் 27, வியாழன்

காலையிலேயே குளிர், மழை. ஆஸ்பத்திரி.

புண் ஆறிவிட்டது. ஓரத்தில் மெல்லிய வடு, தூசி அளவு, அது இருக்கும். கண்ணாடியோடு கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தேன், வலது கண்ணால். கடைசி வரியும் படித்தேன், அது ஊகம். டாக்டர் ஊகத்துக்கு மார்க் இல்லை என்றார்.

சொ. ஒரு நாளைக்கு நாலு. லென்ஸ் மூன்று மாதம் கிடையாது, அப்புறமும் பார்த்துத்தான். கவலையே வரவில்லை. ஃபிளாஷ் அடிக்கட்டும். ஆல்பத்தில் என் கண் தெரியாவிட்டால் என்ன, எனக்கு ஆல்பம் தெரியும்.

கல்யாணத்துக்கு லென்ஸா, கண்ணாடியா, உன் இஷ்டம் என்று தி.யிடம் சொன்னேன். "லென்ஸ்தான் அண்ணி. பழகிடுச்சு" என்றாள். நான் சொன்னதற்காகவா, அவளுக்கே பிடித்தா? கேட்டேன். "ரெண்டும்."

மண்டபத்துக்கு எடுத்துப்போக: மஞ்சள், கண்ணாடி வளையல், சேஃப்டி பின் இரண்டு அட்டை, அவள் சொல்யூஷன், அவள் டப்பா, என் சொ., கறுப்புக் கண்ணாடி, மெல்லிய துணி.


நவம்பர் 30, ஞாயிறு

முடிந்தது. மண்டபத்து மாடி அறையில் எழுதுகிறேன். கீழே மூன்றாம் பந்தி. அவியல் தீர்ந்துவிட்டதாம். இரண்டாம் தடவை கேட்டவர்களில் முதல் ஆள் சங்கர் என்று சமையல்காரர் சொன்னார்.

மழை இல்லை. மேளம், தாலி, எல்லாம் நேரத்துக்கு. கண்ணாடி வழியாக முழுசாகப் பார்த்தேன். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று.

ஆனால் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்கு. காலை ஆறு மணி, மணமகள் அறை. மேக்கப் பெண், மாப்பிள்ளையின் அக்கா, சேலையூர் சித்தி, இன்னும் நாலு பேர். திவ்யா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவித் துடைத்துக்கொண்டு லென்ஸ் போட உட்கார்ந்தாள். டப்பா மேஜையில். நான் மணைக்குக் கோலம் போட்டுவிட்டு, மஞ்சள் பிடித்து வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தேன். நேரமாகிறதே என்ற பதட்டம். டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன்.

"அண்ணி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"கை கழுவிட்டு வாங்க. அப்புறம் தொடுங்க."

மேக்கப் பெண்ணின் பிரஷ் நின்றது. மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சேலையூர் சித்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். அம்மா ஸ்தானத்தில் இருப்பவளை, தாலி கட்டுகிற அன்று, அத்தனை பேர் முன்னால். திவ்யாவின் குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் டப்பாவின் மேல் அவள் கை இருந்தது, எடுக்கவில்லை.

கோபம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். வரவில்லை.

போய்க் கழுவினேன். சோப்புப் போட்டு, நகக் கண்ணில் மஞ்சள் போகும் வரை. சுத்தமான துண்டு கேட்டு வாங்கித் துடைத்தேன். வந்து அவள் முன்னால் நின்று, பிரேயரில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி, இரண்டு கையையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து, மூக்குத்தி என் விரலில் இடிக்கிற அளவு கிட்டே வந்து பார்த்தாள்.

"சரி அண்ணி" என்றாள்.